குழந்தைகளிடம் கற்கும் தாதியர்

தாதிமை என்பது நூல்களைப் படித்து மட்டும் கற்றுக்கொள்ளக்கூடிய தொழில் அன்று. சிங்கப்பூரில் நன்யாங், நீ ஆன் ஆகிய பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டயக் கல்வி பயில்வோர் தங்கள் கல்விக்காலத்தில் பல வாரங்களை மருத்துவமனைகளில் கழிக்கின்றனர். தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் தாதிமை பயில்வோரும் அவ்வாறே செய்கின்றனர். இதனைப் பணிப்பயிற்சி என்பர். அறுவை சிகிச்சைப் பிரிவு, முதியோர் பிரிவு, மனநலப் பிரிவு, மகப்பேற்றுப் பிரிவு என மாணவர்கள் வெவ்வேறு பிரிவுகளுக்கு மாறி மாறி அனுப்பப்படுகின்றனர். அவற்றுள் ஒன்று சிறார் பிரிவு.

சிறார் பிரிவுக்குச் செல்லும் நாள் நெருங்க நெருங்க, மாணவர்களிடையே ஆர்வமும் அச்சமும் ஒருசேரத் தோன்றுகின்றன. குழந்தைகளை விரும்பாதவர் எவர்? எனினும், நோயுற்ற குழந்தையைத் தொட்டுத் தூக்குவது வேறு. அழும் குழந்தையின் கையைப் பிடித்து நாடித்துடிப்பை எண்ண வேண்டும். கசப்பு மருந்தைக் கொடுக்க வேண்டும். அத்தனையையும் பெற்றோரின் கண்முன்னே செய்ய வேண்டும். இன்னும் தேர்ச்சி பெறாத ஒருவரை நோயுற்ற குழந்தையின் அருகில் விடலாமா என்னும் வினா பெற்றோர் மனத்தில் எழுவதும் இயல்பே. இவ்வினாவுக்கு மறுபக்கமும் உண்டு. இன்று கைதேர்ந்த தாதியராக விளங்கும் ஒவ்வொருவரும் என்றோ ஒரு நாள் முதன்முறையாக ஒரு குழந்தையின் படுக்கையருகே நின்றவரே. அந்த முதல் நாளைக் குழந்தைக்கும் மாணவருக்கும் பாதுகாப்பானதாக எவ்வாறு அமைப்பது என்பதே சிறார் பிரிவுப் பயிற்சியின் அடிப்படை.

பயிற்சிக்கு முன்

மாணவர்கள் நேரடியாக மருத்துவமனைக்கு அனுப்பப்படுவதில்லை. கல்லூரியின் செயல்முறைக் கூடத்தில் குழந்தை உருவிலான பயிற்சிப் பொம்மைகளைக் கொண்டு முதலில் பழகுகின்றனர். இப்பொம்மைகளில் சில மூச்சு விடும், அழும், அவற்றின் மார்பில் இதயத் துடிப்பையும் கேட்கலாம். குழந்தையின் தலையைத் தாங்கித் தூக்குவது, உடல் வெப்பத்தை அளப்பது, மருந்தின் அளவைக் கணக்கிடுவது போன்றவற்றை மாணவர்கள் இங்குப் பலமுறை செய்து பார்க்கின்றனர். பொம்மையிடம் பிழை நேர்ந்தால் திருத்திக்கொள்ளலாம். குழந்தையிடம் அப்படி முடியாது.

பின்னர், கேகே மகளிர், சிறார் மருத்துவமனை போன்ற இடங்களுக்கு அவர்கள் செல்கின்றனர். தேக்காவை அடுத்துள்ள இம்மருத்துவமனையின் பெயரில் உள்ள 'கேகே' என்பது 'கண்டாங் கெர்பாவ்' என்னும் மலாய்ப் பெயரின் சுருக்கம். அதற்கு 'எருமைக் கொட்டகை' என்பது பொருள். ஒரு காலத்தில் அவ்வட்டாரத்தில் கால்நடைகள் வளர்க்கப்பட்டதை இப்பெயர் இன்றும் நினைவூட்டுகிறது. 1924ஆம் ஆண்டில் மகப்பேற்று மருத்துவமனையாகத் தொடங்கிய அது, 1997ஆம் ஆண்டில் இன்றைய கட்டடத்துக்கு மாறியபோது குழந்தைகளுக்கான மருத்துவமனையாகவும் விரிவடைந்தது.

சிறார் பிரிவில் மாணவர் எதையும் தனித்துச் செய்வதில்லை. பணிப்பயிற்சி வழிகாட்டியோ பதிவு பெற்ற தாதியோ அருகில் இருந்து மேற்பார்வையிடுவார். முதலில் பார்ப்பது, அடுத்து உடனிருந்து உதவுவது, அதன்பின் மேற்பார்வையில் செய்வது என்பதே பயிற்சியின் படிமுறை.

சிறிய உருவில் உள்ள பெரியவர் அல்லர்

சிறார் பிரிவில் மாணவர்கள் கற்கும் முதல் உண்மை, குழந்தை என்பவர் சிறிய உருவில் உள்ள பெரியவர் அல்லர் என்பதாகும். குழந்தையின் உடல் இயங்கும் முறையே வேறு. பெரியவரின் இதயம் ஓய்வு நிலையில் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்கும். பிறந்த குழந்தைக்கோ 120 முதல் 160 முறை துடிப்பது இயல்பு. பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். பிறந்த குழந்தை 40 முதல் 60 முறை மூச்சு விடும். முதியோர் பிரிவில் பயிற்சியை முடித்துவிட்டு வரும் மாணவருக்கு இவ்வெண்கள் முதலில் திகைப்பூட்டும். ஒரு வயதில் இயல்பாக இருப்பது இன்னொரு வயதில் ஆபத்தின் அறிகுறியாகலாம். எனவே, எண்ணைக் குறிப்பதற்கு முன் குழந்தையின் வயதைக் கருத வேண்டும்.

எண்ணுவதிலும் ஒரு முறை உண்டு. கைக்குழந்தைகள் சீராக மூச்சு விடுவதில்லை. சில நொடிகள் வேகமாகவும் சில நொடிகள் மெதுவாகவும் விடுவார்கள். ஆகவே, 15 நொடிகள் எண்ணி நான்கால் பெருக்குவது சரியாக இராது. முழு நிமிடமும் எண்ண வேண்டும். குழந்தை உறங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ மூச்சையும் இதயத் துடிப்பையும் முதலில் கவனிக்க வேண்டும். தொண்டையையும் காதையும் பார்ப்பது போன்ற, குழந்தையை அழவைக்கும் சோதனைகளை இறுதிக்கு ஒதுக்க வேண்டும். அழுகை தொடங்கிவிட்டால் எல்லா எண்களும் மாறிவிடும்.

குழந்தையின் மூச்சுக்குழாய் மிகவும் குறுகலானது. அதன் விட்டம் 4 மில்லிமீட்டர் என்றும், சளியினால் அதன் உட்சுவர் எல்லாப் பக்கங்களிலும் 1 மில்லிமீட்டர் வீங்குகிறது என்றும் கொண்டால், விட்டம் 2 மில்லிமீட்டராகக் குறைகிறது. காற்றுச் செல்லும் பரப்போ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. பெரியவருக்குச் சாதாரணச் சளியாகத் தோன்றுவது கைக்குழந்தையை மூச்சுத் திணறலுக்கு ஆளாக்குவது இதனால்தான்.

உடலில் உள்ள இரத்தத்தின் அளவும் அவ்வாறே. பிறந்த குழந்தைக்கு ஒரு கிலோகிராம் எடைக்கு ஏறத்தாழ 80 மில்லிலிட்டர் இரத்தம் இருக்கும். 3 கிலோகிராம் எடையுள்ள குழந்தையின் உடலில் உள்ள மொத்த இரத்தமும் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் விற்கப்படும் ஒரு சிறிய பானப் பொட்டலத்தின் அளவே. சோதனைக்காக எடுக்கப்படும் சில துளிகளைக்கூடத் தாதியர் கணக்கில் வைப்பது இதனால்தான்.

நீரிழப்பைக் கண்டறிவதற்கும் நுட்பமான கவனிப்பு தேவை. வயிற்றுப்போக்கால் வாடும் கைக்குழந்தை 'தாகமாக இருக்கிறது' என்று சொல்லாது. உச்சிக்குழி உள்வாங்கியுள்ளதா, அழும்போது கண்ணீர் வருகிறதா, வாய் உலர்ந்துள்ளதா என்று மாணவர் பார்க்க வேண்டும். 'டயாப்பர்' என வழங்கும் அணையாடையை எடை போடுவதும் பணிகளுள் ஒன்று. உலர்ந்த அணையாடை 30 கிராமும் நனைந்த அணையாடை 85 கிராமும் இருந்தால், குழந்தை ஏறத்தாழ 55 மில்லிலிட்டர் சிறுநீர் கழித்துள்ளது என்று குறித்துக்கொள்ளலாம். இது சிறு வேலையாகத் தோன்றலாம். ஆனால், குழந்தைக்கு எவ்வளவு நீர் ஏற்ற வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்வதற்கு அவ்வெண் உதவுகிறது.

அமைதியும் ஓர் எச்சரிக்கை

பயிற்சியின் தொடக்கத்தில், உரக்க அழும் குழந்தையே மிகவும் நோயுற்ற குழந்தை என்று மாணவர்கள் எண்ணுவதுண்டு. அனுபவம் வாய்ந்த தாதியர் அப்படி எண்ணுவதில்லை. உரக்க அழுவதற்கு மூச்சும் வலிமையும் வேண்டும். நேற்றுவரை அடம்பிடித்துவிட்டு இன்று சோர்ந்து, எவர் தொட்டாலும் எதிர்ப்பின்றிக் கிடக்கும் குழந்தையே அவர்களை விரைந்து செயல்பட வைக்கும். குழந்தையின் உடல் நோயைத் தாக்குப்பிடிக்க இயன்றவரை போராடும். இரத்த அழுத்தம் பெரும்பாலும் கடைசிக் கட்டத்திலேயே குறையும். அதன்பின் நிலைமை வெகு விரைவாக மோசமடையும்.

இப்படி ஒரு சூழலை எண்ணிப் பார்க்கலாம். நுரையீரல் தொற்றுடன் சேர்க்கப்பட்ட எட்டு மாதக் குழந்தை உறங்கிக்கொண்டிருக்கிறது. மாணவி ஒருவர் அதன் மூச்சை எண்ணுகிறார். நிமிடத்துக்கு 62 என்று வருகிறது. இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 50 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால், அது வேகமான மூச்சு என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. மாணவி தயங்குகிறார். தவறாக எண்ணிவிட்டோமோ என்னும் ஐயம் எழுகிறது. மூத்த தாதியோ வேறொரு குழந்தையைக் கவனித்துக்கொண்டிருக்கிறார். அவரைத் தொந்தரவு செய்யலாமா? மாணவி மீண்டும் எண்ணுகிறார். இம்முறை 64. விலா எலும்புகளுக்கு இடைப்பட்ட தசை ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்குவதையும் அவர் காண்கிறார்.

இந்நிலையில் அவர் செய்ய வேண்டியது ஒன்றே. உடனே சொல்ல வேண்டும். சொல்வதற்கும் ஒழுங்குமுறை கற்பிக்கப்படுகிறது. இப்போது என்ன நிலைமை, குழந்தையின் பின்னணி என்ன, தாம் கவனித்தவை யாவை, என்ன உதவி தேவை என்னும் நான்கையும் வரிசையாகச் சுருக்கமாகக் கூற வேண்டும். எண்ணியது தவறாக இருந்துவிட்டால் மூத்த தாதிக்கு ஒரு நிமிடம் வீணாகலாம். எண்ணியது சரியாக இருந்தும் மாணவி பேசாமல் இருந்துவிட்டால், இழப்பு குழந்தைக்கு. கூச்சத்தைவிடக் குழந்தையின் உயிர் பெரிது என்னும் தெளிவைச் சிறார் பிரிவு மாணவர்களுக்குக் கற்றுத் தருகிறது.

ஒரு புள்ளி செய்யும் வேறுபாடு

பெரியவர்களுக்கான மருந்துகள் பல ஒரே அளவில் கொடுக்கப்படுகின்றன. குழந்தைகளுக்கோ ஒவ்வொருவரின் எடைக்கும் ஏற்ப அளவு மாறும். அதனால்தான் சிறார் பிரிவில் சேர்க்கப்படும் ஒவ்வொரு குழந்தையும் முதலில் எடை பார்க்கப்படுகிறது. கிலோகிராமில் மட்டுமே எடையைக் குறிப்பர்.

காய்ச்சலுக்குக் கொடுக்கப்படும் 'பாராசிட்டமால்' மருந்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோகிராமுக்கு 15 மில்லிகிராம் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். குழந்தையின் எடை 12 கிலோகிராம். ஆகவே, ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம் கொடுக்க வேண்டும். மருந்து நீர்மமாக இருப்பதால், அதை மில்லிலிட்டருக்கு மாற்ற வேண்டும். 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள மருந்தாயின், 7.5 மில்லிலிட்டர் தேவை. 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் உள்ள மருந்தாயின், 3.6 மில்லிலிட்டர் போதும். இரு புட்டிகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கலாம். இரண்டாம் புட்டியிலிருந்து 7.5 மில்லிலிட்டர் எடுத்துவிட்டால், குழந்தைக்கு 375 மில்லிகிராம் போய்ச் சேரும். அஃது உரிய அளவைப்போல் இரு மடங்குக்கும் மேல். பள்ளியில் விகிதக் கணக்கு எதற்கு என்று கேட்போருக்கு இஃது ஒரு விடை.

தசமப் புள்ளி இன்னும் நுட்பமானது. '.5' என்று எழுதினால், புள்ளி கண்ணில் படாமல் '5' என்று படிக்கப்படலாம். '5.0' என்று எழுதினால் '50' ஆகிவிடலாம். இரண்டுமே பத்து மடங்குப் பிழைகள். ஆகவே, புள்ளிக்கு முன் சுழியம் இட வேண்டும். முழு எண்ணுக்குப் பின் தேவையற்ற சுழியம் இடக்கூடாது. '0.5' என்றும் '5' என்றும் எழுதுவதே முறை.

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க மாணவர்கள் பழக்கப்படுத்தப்படுகின்றனர். குழந்தைகளிடம் முதலாவதே எளிதன்று. 'உன் பெயர் மீனாவா?' என்று கேட்டால், மூன்று வயதுக் குழந்தை எந்தப் பெயருக்கும் தலையாட்டும். 'உன் பெயர் என்ன?' என்று கேட்டு, பெற்றோரிடமும் உறுதிசெய்து, கையிலோ காலிலோ கட்டப்பட்டுள்ள அடையாளப் பட்டையையும் பார்க்க வேண்டும். வாய்வழி மருந்துக்கெனத் தனியான அளவுக்குழல்கள் உள்ளன. அவற்றை இரத்தக் குழாய்க்குச் செல்லும் குழாயில் பொருத்த முடியாதபடி அவற்றின் முனை அமைக்கப்பட்டிருக்கும். மனிதர் களைப்படைவர் என்பதை உணர்ந்து செய்யப்பட்ட ஏற்பாடு இது.

சொல்லத் தெரியாத வலி

பெரியவர் ஒருவரிடம், 'வலி எவ்வளவு? பத்துக்கு எத்தனை?' என்று கேட்கலாம். பேச்சு வராத குழந்தையிடம் எப்படிக் கேட்பது? 1997ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இதற்கு ஓர் அளவுகோலை வெளியிட்டனர். முகம், கால்கள், உடலசைவு, அழுகை, தேற்றினால் அடங்கும் தன்மை ஆகிய ஐந்தையும் கவனித்து, ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 என்று புள்ளி இட வேண்டும். கூட்டுத்தொகை பத்தை நெருங்க நெருங்க வலி மிகுதி என்று கொள்ளலாம். மூன்று வயதைக் கடந்த குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஆறு முகங்கள் வரையப்பட்ட அட்டை காட்டப்படுகிறது. சிரிக்கும் முகம் முதல் கண்ணீர் வடிக்கும் முகம் வரை வரிசையாக இருக்கும். டானா வோங், கோனி பேக்கர் ஆகிய இருவரும் 1980களில் இதனை உருவாக்கினர். தன் வலிக்கு ஒத்த முகத்தைக் குழந்தையே விரலால் தொட்டுக் காட்டும்.

வலியைக் குறைக்கவும் எளிய வழிகள் பல உள்ளன. ஊசி போடுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு முன் தோலில் மரத்துப்போகச் செய்யும் களிம்பைப் பூசலாம். குழந்தையைப் படுக்கையில் அழுத்திப் பிடிப்பதற்குப் பதிலாகத் தாயின் மடியில் அணைத்தவாறு அமர்த்தலாம். சோப்பு நீர்க் குமிழிகளை ஊதச் சொல்லலாம். குமிழி ஊதும் குழந்தை நீண்ட மூச்சு விடுகிறது. கவனமும் ஊசியிலிருந்து விலகுகிறது.

சொற்களைத் தேர்ந்தெடுப்பதே எல்லாவற்றினும் கடினம். 'வலிக்கவே வலிக்காது' என்று சொல்லி ஊசி போட்டால், குழந்தை அடுத்த முறை எவரையும் நம்பாது. 'எறும்பு கடித்ததுபோல் இருக்கும்' என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. நான்கு வயதுக் குழந்தை அதை அப்படியே எடுத்துக்கொண்டு, எறும்பு எங்கே என்று தேடிப் பயப்படலாம். இவ்வயதில் குழந்தைகள் காரண காரியத்தைப் பெரியவர்போல் சிந்திப்பதில்லை என்பதைச் சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே விளக்கியுள்ளார். தான் குறும்பு செய்ததால்தான் நோய் வந்தது என்றுகூடச் சில குழந்தைகள் நம்புகின்றன. ஊசி குத்திய துளை வழியே இரத்தம் முழுவதும் வெளியேறிவிடும் என்று அஞ்சும் குழந்தைக்கு, அதன்மேல் ஒட்டப்படும் சிறு பிளாஸ்திரி பெரிய ஆறுதல்.

'ஊசி போடலாமா?' என்று கேட்பதும் தவறு. 'வேண்டாம்' என்று குழந்தை சொன்னாலும் ஊசி போடத்தானே போகிறோம்? 'இடக்கையிலா, வலக்கையிலா?' என்று கேட்டால், குழந்தைக்கு உண்மையான தெரிவு ஒன்று கிடைக்கிறது. பதின்ம வயதினருக்கோ தேவை வேறு. தம்மைவிடச் சில ஆண்டுகளே மூத்த மாணவர் முன்னிலையில் அவர்கள் கூச்சப்படுவர். திரையை மூடுவது, பெற்றோர் இல்லாதபோது பேச வாய்ப்பளிப்பது போன்றவை அவர்களின் மதிப்பைக் காக்கின்றன.

பெற்றோரும் பாட்டியும்

இன்று சிறார் பிரிவுகளில் படுக்கையருகே தாயோ தந்தையோ உடன் தங்குவது இயல்பான காட்சி. எப்போதும் இவ்வாறு இருந்ததில்லை. பிரிட்டனில் 1950கள்வரை பல மருத்துவமனைகள் பெற்றோரைக் குறித்த நேரத்தில் மட்டுமே அனுமதித்தன. பெற்றோர் வந்து சென்றால் குழந்தை அழுகிறது; ஆகவே, வராமலிருப்பதே நல்லது என்று கருதப்பட்டது. ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், மருத்துவமனையில் எட்டு நாள் தாயைப் பிரிந்திருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படமெடுத்து 1952இல் வெளியிட்டார். பிரிந்த குழந்தை முதலில் எதிர்த்து அழுகிறது. பிறகு நம்பிக்கையிழந்து ஒடுங்குகிறது. இறுதியில் தாயிடமே ஒட்டாமல் விலகுகிறது என்று அவர் எடுத்துக்காட்டினார். அமைதியாகிவிட்ட குழந்தை தேறிவிட்டதாக அதுவரை எண்ணியிருந்தவர்கள் சிந்திக்கத் தொடங்கினர். பெற்றோர் தடையின்றி வந்து பார்க்க வேண்டும் என்று 1959இல் பிரிட்டனின் பிளாட் அறிக்கை பரிந்துரைத்தது.

பெற்றோர் உடனிருப்பது குழந்தைக்கு நன்மை, மாணவருக்கோ சோதனை. "நீங்க படிக்கிற பிள்ளையாம்மா? பெரிய மிஸ்ஸி வர மாட்டாங்களா?" என்று ஒரு தாய் கேட்டால், மனம் சுருங்கத்தான் செய்யும். அக்கேள்வியில் இருப்பது அவமதிப்பு அன்று, அச்சமே என்று புரிந்துகொள்வதே பயிற்சி. "ஆமாம் அக்கா, நான் மாணவிதான். மூத்த தாதி என் பக்கத்திலேயே இருப்பார். உங்களுக்கு விருப்பமில்லை என்றால் அவரே செய்வார்" என்று உள்ளதை உள்ளபடி கூறுவதே முறை. மாணவர் என்பதை மறைக்கக்கூடாது. மறுக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

அதே தாய், 'சாப்பிடாவிட்டால் மிஸ்ஸி ஊசி போட்டுவிடுவார்' என்று பிள்ளையை மிரட்டுவதும் நடக்கும். அதன்பின் அறைக்குள் நுழையும் மாணவரைக் கண்டதும் குழந்தை வீறிடும். பெற்றோரைக் கடிந்துகொள்ளாமல், 'மிஸ்ஸி உனக்கு உதவி செய்ய வந்திருக்கிறார் என்று சொல்லுங்கள்' என்று பணிவாகக் கேட்டுக்கொள்ள மாணவர் பழகிக்கொள்கிறார்.

பல மொழிகள் பேசப்படும் நாட்டில் தாய்மொழியறிவும் சிகிச்சைக்குத் துணைநிற்கிறது. பேரப்பிள்ளையைப் பகலெல்லாம் கவனித்துக்கொள்பவர் பாட்டியாக இருக்கலாம். "பிள்ளைக்கு மாந்தம், ரெண்டு நாளா தண்ணியாப் போகுது" என்று அவர் தமிழில் சொல்வதன் பொருளை உணரும் மாணவர், எத்தனை முறை போனது, பால் குடித்ததா என்று தொடர்ந்து கேட்க முடியும். வசம்பு சேர்ந்த உரை மருந்து கொடுத்தாரா, வேறு ஏதேனும் கொடுத்தாரா என்றும் அறிந்துகொள்ள முடியும். ஏளனமோ கண்டிப்போ தொனித்தால் பாட்டி மறைத்துவிடுவார். மரியாதையுடன் கேட்டால் சொல்வார். சொன்னால்தான் மருத்துவர் முழு விவரத்துடன் சிகிச்சை அளிக்க முடியும்.

கைகளும் மனமும்

சிறார் பிரிவில் தொற்று விரைவாகப் பரவும். நோயாளியைத் தொடுவதற்கு முன், தூய்மை பேண வேண்டிய சிகிச்சைக்கு முன், உடல்நீர் பட்டபின், நோயாளியைத் தொட்டபின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்டபின் எனக் கை கழுவ வேண்டிய ஐந்து வேளைகளை உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. கை, கால், வாய்ப்புண் நோயை உண்டாக்கும் கிருமிகளைக் கிருமிநாசினித் திரவம் மட்டும் நன்கு அழிப்பதில்லை. எனவே, சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். விளையாட்டுப் பொருள்களையும் ஒரு குழந்தையிடமிருந்து மற்றொரு குழந்தைக்குக் கொடுக்குமுன் துடைத்துத் தூய்மைப்படுத்த வேண்டும்.

கைகளைக் கழுவுவதுபோல் மனச்சுமையை எளிதில் கழுவிவிட முடிவதில்லை. பெரும்பாலான குழந்தைகள் குணமடைந்து வீடு திரும்புகின்றனர். சிலர் நீண்ட காலம் தங்குகின்றனர். சிலர் பிழைப்பதில்லை. புற்றுநோயுற்ற சிறுவனுடன் ஒரு வாரம் சதுரங்கம் விளையாடிய மாணவர், அடுத்த வாரம் அவன் உடல்நிலை மோசமானதை அறிந்து கலங்குவது இயல்பே. தாதியர் அழக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. எனினும், அடுத்த படுக்கையில் இன்னொரு குழந்தை காத்திருக்கிறது.

ஆகவே, பணிமுடிந்தபின் மாணவர்கள் வழிகாட்டியுடன் அமர்ந்து பேசுகின்றனர். சிந்தனைக் குறிப்பும் எழுதுகின்றனர். கிரஹாம் கிப்ஸ் 1988இல் வகுத்த ஆறு படிகள் இதற்குப் பயன்படுகின்றன. என்ன நடந்தது, எப்படி உணர்ந்தேன், எது நன்றாக அமைந்தது, ஏன் அவ்வாறு அமைந்தது, வேறு என்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வேன் என்பன அவை. குழந்தையின் பெயரோ படமோ அக்குறிப்பில் இடம்பெறாது. குழந்தைகளுடன் படம் எடுத்துச் சமூக ஊடகங்களில் பகிர்வதும் கூடாது. குழந்தை தன் மருத்துவமனை நாள்களை ஊரார் பார்க்க ஒப்புதல் தந்ததில்லை.

பயிற்சி தரும் பயன்

சிறார் பிரிவுப் பயிற்சி சில வாரங்களில் முடிந்துவிடும். அதற்குள் குழந்தை நோய்கள் அனைத்தையும் ஒருவர் கற்றுவிட முடியாது. கற்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதுமில்லை. பட்டயம் பெற்று, தாதியர் வாரியத்தில் பதிவு செய்துகொள்வோரில் பலர் பெரியவர்களுக்கான பிரிவுகளிலேயே பணியாற்றுகின்றனர். ஆயினும், குழந்தைகளிடம் கற்றவை அங்கும் கைகொடுக்கின்றன. மறதி நோயால் தன் வலியைச் சொல்ல முடியாத முதியவரின் முகத்தையும் கை கால் அசைவையும் படிக்கத் தெரிந்தவர், அப்பாடத்தைக் கைக்குழந்தையிடம் கற்றவராக இருக்கலாம்.

தேர்ச்சி பெறாதவரைக் குழந்தையின் அருகில் விடலாமா என்ற வினாவுக்கு விடை இப்போது தெளிவாகும். திறன் இன்னும் நிறையவில்லை என்றாலும், முழு நிமிடம் எண்ணும் பொறுமையும், ஐயம் எழுந்தால் மீண்டும் சரிபார்க்கும் பழக்கமும், 'எனக்குத் தெரியவில்லை, கேட்டு வருகிறேன்' என்று சொல்லும் துணிவும் உள்ளவரை, மேற்பார்வையுடன் விடலாம். இம்மூன்றும் இல்லாதவர் எத்தனை ஆண்டு அனுபவம் பெற்றிருந்தாலும், குழந்தையின் அருகில் கவனமாகவே விடப்பட வேண்டியவர்.